நுனியில் வெட்டிய மட்டைகள்

“ஆம்பள ஸ்டிக்க வெட்டி பொம்பளைக்குக் குடுக்கறோம். இதுல உனுக்கு இன்னா புரிஞ்சிடப் போவுது? போய் துண்ட மடி” என்றார் மேஸ்திரி.

அவர் ஸ்டிக் என்று சொன்னது கோல்ஃப் மட்டையை. நான் கேட்டது ஒரே கேள்விதான். மட்டையைக் குட்டையாக்க வேண்டுமானால் கைப்பிடிப் பக்கம் வெட்டலாமே, ஏன் அடியில், இரும்புத் தலை பொருந்துகிற பக்கத்தில் வெட்டுகிறீர்கள்? அவரிடம் பதில் இருந்தது. துண்டு மடிக்கிறவளுக்குப் பதில் சொல்லும் வழக்கம்தான் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் இடையில் இருந்த சவுக்குத் தோப்பில் பாதியை அழித்து, மதராஸ் கம்பெனி அதிகாரிகள் சிலர் கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார்கள். உப்பு மணலில் புல் பிடிக்கவில்லை. அதனால் குழிகளைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைக் கொட்டிச் சமன்படுத்தி, அதைப் பச்சைப்புல் என்று நினைத்துக்கொண்டு விளையாடினார்கள். சனி ஞாயிறுகளில் கார்களில் வருவார்கள். அந்த இடம் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கடைசி நாள் வரைக்கும் பிடிக்கவில்லை.

நான் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததில்லை. அப்பா விறகுக் கடைகளில் சவுக்குக் கட்டை ஏற்றி இறக்குகிறவர். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவள். நான் புகுமுக வகுப்பு தேறினேன், பௌதிகத்தில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கி. இதைச் சொல்லும்போது கொஞ்சம் தலை குனிந்து சொல்ல வேண்டும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நான் குனிந்து சொன்னதில்லை.

கிளப்பின் செயலாளர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர்களின் மனைவிமாரோடு இங்கிலீஷில் நாலு வார்த்தை பேச ஒரு பெண் வேண்டும் என்று என்னை எடுத்தார். பெண்கள் அறையில் துண்டு மடித்து வைப்பது, மட்டைகளை எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் மணல் துடைத்து எண்ணெய் தடவி வைப்பது என் வேலை. கடற்காற்றில் ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் இரும்பு துருப்பிடித்துச் செவ்வண்டு நிறத்துக்கு வந்துவிடும்.

பெண்கள் அறைக்கு அடுத்தது, மட்டைகளைப் பழுதுபார்க்கும் மேஸ்திரியின் பட்டறை. அங்கே ஜன்னலோரமாக ஒரு மேஜை, அதில் சாமானை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ், சுவரில் அரங்களும் ரம்பமும். அந்த மேஜை எனக்கு வேண்டும் என்று முதல் மாதமே தீர்மானித்துவிட்டேன். துண்டு மடிப்பதற்கு நான் பௌதிகம் படிக்கவில்லை.

அந்த ஆண்கள் மட்டை தேர்ந்தெடுக்கும் லட்சணத்தை நான் இரண்டு வருஷம் பார்த்தேன். வெளிநாட்டுச் சாமான் சுலபமாக உள்ளே வராத காலம். யாராவது இங்கிலாந்து போய் வந்தால் ஒரு பை மட்டை வரும். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போனால் இன்னொரு பை வரும். வந்த மட்டையை வராந்தாவில் நின்று இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பார்கள். “பேலன்ஸ் எப்படி இருக்கு பாருங்க” என்று ஒருவர் சொல்வார். மற்றவர் வாங்கி ஆட்டிவிட்டு, “அடடா” என்பார். ஆறடி உயரக்காரருக்கும் என் தோள் உயரத்தில் இருக்கும் தொந்திக்காரருக்கும் ஒரே நீள மட்டை. இரண்டும் லண்டன், அது போதும். உடம்புக்கு மட்டை பொருந்துகிறதா என்று ஒருவரும் அளந்து நான் பார்த்ததில்லை. தங்களுக்கென்று ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றினால் இரும்புத் தலையின் பின்னால் பேரின் முதலெழுத்தை வெட்டச் சொல்வார்கள். ஒருவர் மகளின் ஜாதகம் பார்த்து, மட்டையின் கழுத்தில் சிவப்பு நூல் சுற்றச் சொன்னார். மேஸ்திரி சுற்றினார்.

எல்லாவற்றையும் விட அவர்கள் உயிராக நினைத்தது கைப்பிடித் தோல். மெல்லிய தோல் பட்டையைச் சாய்வாகச் சுற்றி, மேல் முனையில் கம்பெனிப் பேரைத் தங்க எழுத்தில் பதித்திருப்பார்கள். இந்த ஊர் வேர்வையிலும் உப்பிலும் அந்தத் தோல் விறைத்து, பிரித்தால் துண்டு துண்டாகக் கிழியும். கிழிந்தால் வேறு கிடைக்காது. தங்க எழுத்துப் போன மட்டை விதவை மாதிரி, சபையில் எடுத்து வைக்கமாட்டார்கள்.

ஆண்களுக்குப் புதுப் பை வந்தால் பழசு மனைவிக்குப் போகும். அது அவளுக்கு நீளம். குட்டையாக்கச் சொல்லி மேஸ்திரியிடம் வரும். கைப்பிடிப் பக்கம் வெட்டினால் தோலும் தங்க எழுத்தும் போய்விடும். அதனால் அவர் பம்ப் ஸ்டவ்வில் இரும்புத் தலையைச் சூடாக்கிக் கழற்றி, தண்டின் மெல்லிய நுனியை இரண்டு அங்குலம் வெட்டி எறிவார். தண்டு கீழே போகப் போக மெலிகிறது அல்லவா? வெட்டிய இடம் தடித்து, தலைக்குள் நுழையாது. அதை அரம் வைத்து ராவி ராவி நுழைப்பார். ஒரு மட்டைக்கு ஒரு பகல். ஒரு பட்டைத் தோலைக் காப்பாற்ற அவ்வளவு பாடு. மதராஸில் பெரிய கிளப்பில் இருந்தபோதும் இதைத்தான் செய்தேன் என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த மட்டைகளால் அந்தப் பெண்கள் அடித்தால் பந்து தரையோடு வலது பக்கம் ஓடி முள்ளுக்குள் போகும். கை எரிகிறது, மணிக்கட்டு விண்ணென்று வலிக்கிறது என்பார்கள். வராந்தாவில் இருக்கும் கணவன்மார் சிரிப்பார்கள். “பொம்பளைக்கு இன்னா சத்து கீது” என்பார் மேஸ்திரி என்னிடம், நானும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பது போல.

நான் சவுக்குக் கட்டைக்கு நடுவில் வளர்ந்தவள். நீளக் கழியின் நுனியைப் பிடித்து ஆட்டினால் வளையும். நுனியை நறுக்கிவிட்டால் மிச்சம் உலக்கை. இது எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எனக்கு என் கல்லூரி சோதனைக்கூடம்தான் ஞாபகம் வந்தது. ஒரு முனையை இறுக்கிப் பிடித்த இரும்புப் பட்டையை விரலால் சுண்டிவிட்டு, எப்படி ஆடுகிறது என்று பார்ப்போம். மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் ஒரு ஆண் மட்டையையும் ஒரு பெண் மட்டையையும் அவர் வைஸில் ஒவ்வொன்றாக இறுக்கிச் சுண்டினேன். ஆணுடையது நிதானமாக அசைந்தது. பெண்ணுடையது விர்ரென்று ஒரு தடவை துடித்து நின்றது. சத்து குறைந்தவர்கள் என்று அவர்கள் சிரித்த பெண்களின் கையில், தங்களுடையதை விட முரட்டு மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மேஸ்திரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா, வீணை வாசிக்கிறியா?”

“எது நல்லா வளையுதுன்னு பாத்தேன், மேஸ்திரி.”

“வளையுதா? இது இன்னா முருங்கக் கொம்பா? இன்னொரு தபா என் வைஸ்ல கைய வெச்ச, செயலாளர்கிட்ட சொல்லி வூட்டுக்கு அனுப்பிடுவேன். காலேஜு படிச்சவளாம்.”

இதை யாரிடமாவது சொல்ல நான் காத்திருந்தேன். சொல்ல வேண்டிய ஆளும் வந்தாள். பெண்களில் நன்றாக விளையாட வேண்டும் என்ற வெறி இருந்தவள் ஒரு பெரிய அதிகாரியின் மனைவி. நாங்கள் அவளை மேடம் என்போம். மதராஸ் கிளப் பெண்களோடு வருஷத்துக்கு ஒரு போட்டி நடக்கும். போன வருஷம் அவமானப்பட்டுத் தோற்றிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டையைத் தரையில் வீசிவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு செயலாளரிடம், “இந்த வருஷம் நான் இல்லை” என்றாள். துண்டு கொடுக்கும் சாக்கில் நான் இங்கிலீஷில் சொன்னேன், “தப்பு உங்கள் கையில் இல்லை மேடம். மட்டையைத் தப்பான பக்கம் வெட்டியிருக்கிறார்கள்.”

செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்போதே டிஸ்மிஸ். ஆனால் மேடம், “என்ன சொல்றா இவ?” என்று கேட்டுவிட்டாள். நான் சொல்லி முடித்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள்.

“இருவது வருசமா வெட்றேன் சார். எந்த தொரையும் கொற சொன்னதில்ல” என்றார் அவர்.

“தொரை அதால அடிக்கல மேஸ்திரி. அவங்க சம்சாரம்தான் அடிச்சாங்க” என்றேன்.

செயலாளர் மேஜையைத் தட்டினார். “போதும். ஒரே ஒரு மட்டை. நீயே வெட்டு. மேடம் சரின்னு சொன்னா, இனிமே லேடீஸ் மட்டை எல்லாம் உன் வேலை. ஜன்னல் மேஜை உனக்கு. இல்லேன்னா அன்னைக்கே நீ கிளம்பலாம். புரியுதா?”

புரிந்தது. நான் தோற்பேன் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே சொன்னதும் புரிந்தது.

வெட்டாத மட்டை ஒன்றுதான் கிடைத்தது. கிடங்கில் எலி தோலைத் தின்றுவிட்ட ஏழாம் நம்பர் இரும்பு மட்டை. தோல் போனதால் மதிப்பும் போய், காப்பாற்ற எதுவும் இல்லாததால் யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. அதனாலேயே அது முழுசாக இருந்தது.

மேடத்தை அளக்க வேண்டியிருந்தது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டிலிருந்து தரை வரை எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். நூலோடு பக்கத்தில் போனேன்.

“தொடாம அள” என்றாள்.

என் ஊர், என் தெரு, எல்லாம் அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் நூலின் ஒரு முனையை மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவள் அதை எடுத்துத் தன் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் தரையைத் தொட்ட இடத்தில் நான் முடிச்சுப் போட்டேன். அந்த நூலைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மேஸ்திரி தன் ரம்பத்தைத் தரவில்லை. “என் ஆயுதத்த எவளும் தொட முடியாது” என்றார். நான் செங்கல்பட்டு கடைத்தெருவில் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு வாங்கினேன். எங்கள் தெரு முனை சைக்கிள் கடையில் வைஸ் இருந்தது. கடைக்காரர் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், அதற்காக இளகுகிறவர் இல்லை.

“காலையில கடை சூடு புடிக்கிற வரிக்கும் வெட்டிக்கோ. சைக்கிள் ஃபோர்க்கு ஒன்னு ரிப்பேருக்கு வந்துச்சுன்னா எழுந்துக்கினு போயிடணும்.”

கைப்பிடிப் பக்கம் வெட்டினேன். வெட்டியதும் தலை கனம் இல்லாதது போல் ஆகிவிட்டது. ஆட்டினால் ஈ விரட்டுவது மாதிரி இருந்தது. தண்டு குறைந்தால் கையில் உணர்கிற தலையின் பாரமும் குறையும் என்று முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். பாரம் ஏற்ற ஈயம் வேண்டும். மைதானத்துக்கு அடுத்த குப்பத்தில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கிடைக்கும். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டேன்.

“இன்னாத்துக்கு? நீயும் கடலுக்குப் போறியா?”

“இல்லக்கா. துரைசானி அடிக்கிற ஸ்டிக்குக்கு.”

“அந்தக் குச்சிக்கா? மீனாவது மாட்டுமா அதுல?” என்று சிரித்துவிட்டு ஒரு பிடி அள்ளிப் போட்டாள். அந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கடற்கரையில் என்னிடம் விகல்பம் இல்லாமல் பேசிய ஆள் அவள் ஒருத்திதான்.

குண்டுகளைச் சுத்தியலால் தட்டி வெற்றிலை மாதிரி தகடாக்கினேன். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி இரும்புத் தலையின் பின்னால் ஒட்டினேன். கைப்பிடிக்குச் சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக நறுக்கி, துணி சுற்றி அதன்மேல் இழுத்துச் சுற்றினேன். வேர்த்த கையிலும் நழுவாது. மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் மிச்சமிருந்த சவுக்குகளுக்குப் பின்னால் போய் நானே அடித்துப் பார்த்தேன். அந்த மைதானத்தில் நான் பந்தை அடிக்கக் கூடாது என்று விதி. முதலில் தகடு போதவில்லை. ஒன்று கூட்டினேன். அடுத்த நாள் இன்னொன்று. பிறகு ஒரு அடியில் பந்து எழும்பி, சவுக்கு உச்சியைத் தாண்டி, மெதுவாக மணலில் இறங்கியது. கையில் எரிச்சலே இல்லை. நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். பார்க்க யாரும் இல்லாதது எனக்குக் கோபமாக இருந்தது.

சோதனை நாளில் மேடம் மட்டையை வாங்கி மூக்கைச் சுளித்தாள். “என்ன இது, சைக்கிள் கடை நாத்தம்?” கையுறை மாட்டிக்கொண்டு அடித்தாள். பந்து உயர்ந்து நேராகப் போனது. அவள் பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“காத்து பின்னாலேந்து அடிக்குது” என்றார் மேஸ்திரி.

“அப்ப திரும்பி நின்னு அடிக்கச் சொல்லுங்க” என்றேன்.

கடல் பக்கம் திரும்பி அடித்தாள். காற்றை எதிர்த்தும் பந்து எழும்பியது. மேஸ்திரி குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். மேடம் செயலாளரிடம், “பை முழுக்க இவளையே செய்யச் சொல்லுங்க” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவள் அண்ணன் அனுப்பியிருந்த வெட்டாத மட்டைகள் வீட்டில் இருந்தன. தங்க எழுத்தோடு. அவற்றை வெட்டக் கொடுக்க அவள் இரண்டு வாரம் யோசித்தாள். கொடுத்தாள். தோலை நான் கிழியாமல் பிரிக்கப் பார்த்து, முடிந்தவரை பத்திரமாக ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு மட்டைக்கும் ஈயம் வேறு வேறு அளவில் வேண்டியிருந்தது. ஜன்னல் மேஜை எப்போது என்று செயலாளரிடம் கேட்டேன். “போட்டி முடியட்டும்” என்றார்.

போட்டியன்று மதராஸ் பெண்கள் கார்களில் வந்தார்கள். மேடம் ஜெயித்தாள். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது வேறு. மட்டைகளைத் துடைக்க எடுத்தபோது பார்த்தேன், நான் சுற்றிய ரப்பரின் மேல் பழைய தோலை ஒட்டுப்போட்டுச் சுற்றி, தங்க எழுத்து மேலே தெரிகிற மாதிரி மேஸ்திரி கட்டியிருந்தார். மேடம் சொல்லித்தான் செய்திருந்தார்.

தேநீர் நேரத்தில் மதராஸிலிருந்து வந்தவர்களில் ஒருத்தி, கட்டைக் குரல்காரி, மேடத்தின் மட்டையை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், “இது எங்கே செய்தது? ரொம்ப லேசாக வருகிறதே.”

“லண்டன். என் அண்ணன் என் அளவு கொடுத்துச் செய்து அனுப்பினான்” என்றாள் மேடம்.

நான் துண்டுத் தட்டோடு நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைத்தேன். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னேன். “பின்னால் ஒட்டியிருக்கிற ஈயம் அதோ அந்தக் குப்பத்து வலையில் கட்டுகிறது. லண்டனில் அது கிடைக்காது மேடம். தோலுக்கு அடியில் இருப்பது சைக்கிள் டியூப். வேண்டுமானால் பிரித்துக் காட்டுகிறேன்.”

மேடத்தின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதைப் பார்த்து நான் இரக்கப்படவில்லை.

செயலாளர் என்னை வராந்தாவுக்கு வெளியே அழைத்துப் போனார். “திங்கட்கிழமை மேடத்துகிட்ட மன்னிப்பு கேளு. கேட்டா துண்டு வேலை இருக்கும்.”

“மேஜை?”

“மேஜை மேஸ்திரியோடது. எப்பவும்.”

“நீங்க சொன்ன வார்த்தை?”

“துண்டு மடிக்கிறவளுக்கு நான் வார்த்தை குடுப்பேனா?” என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

மேஸ்திரி பட்டறை வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். “சொன்னேன் இல்ல” என்றார். என் ஆக்ஸா பிளேடை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

சாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு கார் வந்து நின்றது. கட்டைக் குரல்காரி கண்ணாடியை இறக்கினாள். இறங்கவில்லை.

“என் மட்டைகளும் அடியில் வெட்டினவைதான். வீட்டில் வெட்டாத பை ஒன்று இருக்கிறது. எங்கே வெட்டித் தருவாய்? உனக்குப் பட்டறை இருக்கிறதா?”

“இருக்கிறது” என்றேன். “செங்கல்பட்டில்.”

“கெட்டுப் போனால் என் கணவர் போலீஸுக்குப் போவார். தெரியுமா?”

“அளவெடுக்க நீங்கள் வரவேண்டும். நான் தொட்டுத்தான் அளப்பேன்.”

அவள் என்னை முறைத்தாள். பிறகு டிரைவரிடம் முகவரி எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

திங்கட்கிழமை நான் மாமல்லபுரம் பஸ் ஏறவில்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமை சைக்கிள் கடை வாசலில் கார் நிற்க, அவள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு இறங்கி வந்து கையைத் தொங்கவிட்டு நின்றாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து அளந்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை.

“இன்னைக்கு மத்தியானம் வரிக்கும்தான்” என்றார் கடைக்காரர். “அப்பறம் வாடகை பேசணும்.”

“பேசலாம்” என்றேன். முதல் மட்டையை வைஸில் இறுக்கினேன். தங்க எழுத்து மேலே இருந்தது. கத்தியை அதன் நடுவில் வைத்துத் தோலைக் கீறினேன்.